காற்று பிடிக்கிற வேலை

என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று ஊரில் கேட்பவர்களிடம், காற்று பிடிக்கிற வேலை என்பேன். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஜார்க்கண்டில் தன்பாத் மாவட்டத்து ஜாரியா நிலக்கரி வயலில், எரிந்துகொண்டிருக்கும் சுரங்கங்களிலிருந்து ரப்பர் பையில் காற்றைப் பிடித்துவந்து, அதில் எந்த வாயு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வதில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சுரங்கப் பொறியியல் படித்தவர்கள் நடுவே இதற்குப் பெரிய மதிப்புக் கிடையாது. கரி வெட்டுகிறவனிடம் மாலையில் சொல்ல ஒரு டன் கணக்கு இருக்கும். என்னிடம் இருந்ததெல்லாம் சதவீதம்.

நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளை நான். கரி யாரும் கொளுத்தாமலே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பது ஜாரியா போய்த் தெரிந்துகொண்ட செய்தி அல்ல. பழுப்பு நிலக்கரிக் குவியல்களின் மேல் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் நெய்வேலியில் கரி திறந்த வெளியில் கிடக்கிறது. பற்றினால் தெரியும், அணைக்க ஆள் போகலாம். ஜாரியாவில் தீ இருப்பது பழைய குடைவுகளுக்குள்ளே. 1916-இல் பௌரா சுரங்கத்தில் முதல் தீ பதிவானது. 1972-இல் கோக்கிங் கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையானபோது எழுபது இடங்களில், 17.32 சதுர கிலோமீட்டர் பரப்பில் தீ இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள். மொத்த வயல் சுமார் 450 சதுர கிலோமீட்டர். எஃகு ஆலைகளுக்கு வேண்டிய முதல்தரக் கோக்கிங் கரி இந்தியாவில் பெரிய அளவில் கிடைப்பது இங்கேதான். எரிவதும் அதுதான்.

யார் வைத்த தீ என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். யாரும் வைக்க வேண்டாம். வெட்டப்பட்ட கரியின் முகம், காற்றுப் பட்ட நிமிஷத்திலிருந்து ஆக்சிஜனை இழுக்கத் தொடங்குகிறது. இழுக்கும்போது கொஞ்சம் சூடு பிறக்கிறது. நல்ல காற்றோட்டம் இருந்தால் அந்தச் சூட்டைக் காற்றே வாரிக்கொண்டு போய்விடும். காற்றே இல்லையென்றால் சூடே பிறக்காது. ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: கரிக்கு ஊட்டப் போதும், சூட்டைக் கொண்டுபோகப் போதாது என்ற அளவில் கசிகிற காற்று. எழுபது எண்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் கரி தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு மேலே மேலே போகும்.

அந்த நடுவாந்தரக் காற்றுக்குத் தாராளமாக வழி செய்துகொடுத்தவர்கள் பழைய முதலாளிகள். 1890களிலிருந்து ஜாரியா சின்னச் சின்னக் குத்தகைகளாகப் பிரிந்து கிடந்தது. தரைக்குக் கொஞ்சம் கீழேயே கனத்த கரியடுக்கு. சரிவாகப் பாதை வெட்டி இறங்கினால் போதும். குறுக்கும் நெடுக்கும் கேலரி குடைந்து, நடுவில் பில்லர்களை விட்டுக் கூரையைத் தாங்க வைப்பது முறை. குத்தகை முடியும் காலத்தில் பில்லரையும் ஓரம் ஓரமாகச் செதுக்கிக்கொண்டு போனார்கள். வெட்டிய வெற்றிடத்தை மணலால் நிரப்ப வேண்டும் என்பது தெரியாததல்ல. 1939-இலேயே அதற்கு உதவ ஒரு சட்டம் வந்து, கரியின் மேல் வரியும் விதித்தார்கள். தாமோதர் நதியில் மணலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மணல் நிரப்பிய சுரங்கம் கணக்குப் புத்தகத்தில் லாபம் காட்டாது. பல இடங்களில் நிரப்பவில்லை, அல்லது நிரப்பியதாக எழுதிக்கொண்டார்கள். செதுக்கப்பட்ட பில்லர் நொறுங்கியது, கூரை அமர்ந்தது, வெடிப்பு தரை வரைக்கும் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினெட்டுக் கரியடுக்குகள் எண்ணப்பட்டிருக்கிற வயல் இது. கீழே அமர்ந்தால் மேலே இருக்கிற அடுக்கும் விரிசல் விடும். நிலம் மூச்சுவிட ஆரம்பித்தது.

மூச்சு என்பதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. தீப்பிடித்த பகுதியை அடைத்துச் சுவர் எழுப்புவோம். ஸ்டாப்பிங் என்று பெயர். அந்தச் சுவரில் ஒரு குழாயும் வால்வும் வைத்திருப்போம், உள்ளே இருக்கும் காற்றை எடுத்துப் பார்க்க. எந்தச் சுவரும் முழுதாக அடைக்காது. வெளியே காற்றழுத்தம் இறங்கும்போது உள்ளிருப்பது வெளியே வரும். ஏறும்போது வெளிக்காற்று உள்ளே போகும். நம் பகுதியில் நாள்தோறும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சிக்குப் போய், பிற்பகல் நான்கு மணி வாக்கில் தாழ்ந்து நிற்கும். ஆகவே முற்பகல் கடந்து சாயங்காலம் வரைக்கும் சுரங்கம் வெளியே மூச்சுவிடும். மாதிரி எடுக்க வேண்டிய நேரம் அது. அதிகாலையில் போய்க் குளிர்ச்சியாக வேலையை முடித்துவிட்டு வருகிறவன் பையில் பிடித்து வருவது, தான் சுவாசித்துக்கொண்டிருந்த காற்றையேதான்.

இதை எனக்குச் சொன்னது பாடப்புத்தகம் இல்லை. என்னோடு அனுப்பப்பட்ட சிர்தார், அதாவது சுரங்க ஆட்களின் மேற்பார்வையாளர், சொன்னார். வயதில் என் தகப்பனார் அளவு. மூன்று தலைமுறையாகக் கரியில் இருக்கிற குடும்பம். குழாயின் வாயில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "சாப், இப்போது குடித்துக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வருவோம்" என்பார். பாரோமீட்டரைப் பார்ப்பேன், முள் ஏறுமுகமாகத்தான் இருக்கும். அவருக்கு இன்னொரு கருவியும் உண்டு, மூக்கு. கரி சூடேறத் தொடங்கும்போது முதலில் வருவது ஈரக்கசிவு: சுவரில் வியர்த்ததுபோல் முத்து முத்தாக நீர். அதற்கப்புறம் மண்ணெண்ணெயும் பழைய வியர்வையும் கலந்த மாதிரி ஒரு வாடை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. வாடை வருவது கூட வருகிற மற்றச் சரக்குகளால். அந்தக் காலத்து மீட்புப் படையினர் கூண்டில் முனியாக் குருவிகளைக் கொண்டுபோவார்கள். குருவி மயங்கி விழுந்தால் மனிதன் திரும்பி நடக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டிடெக்டர் குழாய்கள் வந்துவிட்டன. சிர்தாருக்கு அவற்றின்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. குருவியின்மேலும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையைக் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் பிரித்தால் ஆக்சிஜன், நைட்ரஜன், கரியமில வாயு, மோனாக்சைடு, மீத்தேன், சில நாள் எத்திலீன் என்று வரிசை வரும். சட்டப்படி ஆள் வேலை செய்கிற இடத்தில் ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கரியமில வாயு அரைச் சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மோனாக்சைடு பத்து லட்சத்தில் 50 பங்கு வரைதான். ஸ்டாப்பிங்குக்குப் பின்னால் இந்த எண்களுக்கு வேலையில்லை. அங்கே பார்க்க வேண்டியது ஒரு விகிதம்: எவ்வளவு ஆக்சிஜன் காணாமல் போயிருக்கிறது, அதற்கு எவ்வளவு மோனாக்சைடு பிறந்திருக்கிறது. கிரஹாம் என்ற பிரிட்டிஷ்காரரின் பெயரால் அழைக்கப்படுவது. நூறுக்கு அரை என்றால் கரி தன்பாட்டில் கிடக்கிறது. ஒன்றைத் தாண்டினால் எங்கோ சூடு. இரண்டுக்கு மேல் போனால் கவலை. மூன்றுக்கு மேல் தீ.

இந்த விகிதத்தின் அழகு என்னவென்றால், நல்ல காற்று உள்ளே கலந்தாலும் அது மாறாது. மோனாக்சைடு நீர்த்துப்போகும்; ஆக்சிஜன் குறைவும் அதே அளவில் நீர்த்துப்போகும்; ஒன்றை ஒன்றால் வகுத்தால் கலப்படம் அடிபட்டுப் போகிறது. அதாவது எங்கள் தொழிலின் ஆகச் சிறந்த கருவி, மொத்தம் எவ்வளவு என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் உண்மை பேசுகிறது. எவ்வளவு சூடு என்று சொல்லும். எவ்வளவு கரி எரிகிறது என்று சொல்லாது. தீயணைக்க முதலாவது போதும். பிற்காலத்தில் வந்து என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் வேண்டியிருந்தது இரண்டாவது.

வந்தவர்கள் பல வகை. முதலில் புகைப்படக்காரர்கள். மழைக்காலத்திலும் மார்கழிக் காலையிலும்தான் வருவார்கள், படம் நன்றாக விழும் என்று. வெடிப்புகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக எழும்புமே, அதில் பெரும்பகுதி நீராவி. மழைநீர் இறங்கிக் கொதித்து மேலே வருகிறது. சித்திரை வெயிலில் அதே வெடிப்பின் பக்கத்தில் போய் நின்றால் ஒன்றும் தெரியாது. மீட்டர் மட்டும் கத்தும். புகை அடர்ந்த இடத்தைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். புகையில்லாத இடத்தில்தான் குடியிருந்தார்கள். வெடிப்பு விளிம்பில் மஞ்சள் கந்தகப் படிகமும் வெள்ளை நவச்சாரமும் பூத்திருந்தால் அதன் அடியில் சூடு நெடுநாளாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். லோத்னா பக்கம் ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கீழே அப்படிப் பூத்திருந்தது. அந்த வீட்டுக்கார அம்மாள் அதன்மேல் ஈரத் துணியை விரித்துக் காயவைத்திருந்தார். தீதி, உள்ளே படுக்காதீர்கள், இரவில் கதவைத் திறந்துவையுங்கள் என்றேன். "கதவைத் திறந்துவைத்தால் குளிரும், பாபு. மூடினால் தலைவலி. குளிருக்குப் போர்வை வேண்டும், தலைவலிக்குத் தூங்கினால் போதும்" என்றார். அவர் வீட்டில் நான் எடுத்த மாதிரி எந்தப் பன்னாட்டு அறிக்கையிலும் ஏறாத அளவு சிறியது. அந்த அறையில் தூங்கியவர்களுக்கு அது சிறியதல்ல.

அடுத்து வந்தவர்கள் செயற்கைக்கோள்காரர்கள். அவர்களோடு எனக்கு நல்ல பழக்கம். வானிலிருந்து வெப்பத்தைப் படம் பிடிக்கிறார்கள், ஆனால் படத்தின் ஒரு கட்டம் தரையில் 60 மீட்டர், 90 மீட்டர், பழைய லாண்ட்சாட்டில் 120 மீட்டர். ஒரு சாண் அகல வெடிப்பு அறுநூறு டிகிரியில் தகித்துக்கொண்டிருந்தாலும், சுற்றியுள்ள குளிர்ந்த மண்ணோடு சேர்ந்து சராசரியாகிவிடும். போதாக்குறைக்குக் கருங்கல்லும் கரித்தூளும் பகல் வெயிலில் தாமாகவே சுடும். அதனால் இரவுப் படம் வேண்டும், தரையில் ஒரு ஆள் விடியுமுன் தெர்மாமீட்டரோடு நடக்க வேண்டும். அப்படி நடந்தவர்களில் நானும் ஒருவன். பாறை வெப்பத்தை அத்தனை மெதுவாகக் கடத்தும் என்பதால் நாற்பது மீட்டர் ஆழத்துத் தீ மேலே தெரியவே ஆண்டுகள் ஆகும். மேலே சூடு தெரிகிறபோது கீழே தீ வேறு பில்லருக்கு நகர்ந்திருக்கும்.

17.32 சதுர கிலோமீட்டர் என்று தொடங்கிய பரப்பு, பின்னால் 8.9 ஆயிற்று, ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் 2020-21 ஆய்வில் 1.80. எழுபது என்று தொடங்கிப் பின்னால் 77 ஆன தீ இடங்கள் 27 ஆகக் குறைந்தன என்கிறது அரசு. இதில் பொய் இல்லை. தோண்டி எடுத்தார்கள், மண் போட்டு மூடினார்கள், நைட்ரஜன் செலுத்தினார்கள், அகழி வெட்டித் தீயைத் தடுத்தார்கள், பலன் இருந்தது. ஆனால் இது தரையில் தெரியும் சூட்டின் பரப்பு. பரப்பு பாதியானால் எரிகிற கரியும் பாதியானது என்று பெருக்கிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை நமைக்கும்.

மூன்றாவதாக வந்தார்கள் கார்பன் கணக்கு கேட்பவர்கள். கியோட்டோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிற்பாடு இந்தக் கூட்டம் அதிகமானது. ஜாரியா ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயுவை விடுகிறது? அணைத்தால் எத்தனை டன் மிச்சம்? அந்த மிச்சத்தை விற்க முடியுமா? நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்லத்தான் வழி தெரியவில்லை. அனல்மின் நிலையம் என்றால் எத்தனை டன் கரி உள்ளே போனது என்று எடைச்சீட்டு இருக்கிறது, வாயு வெளியேற ஒரு புகைபோக்கி இருக்கிறது. இது புகைபோக்கி இல்லாத அடுப்பு. விறகு எவ்வளவு என்றும் தெரியாது, வாய் எத்தனை என்றும் தெரியாது.

இருந்தாலும் முயன்று பார்த்தோம். பெரிய வெடிப்புகளில் வேகமும் வாயு அளவும் எடுத்தோம். தீ இழுக்கும் காற்று குளிர்காலத்தில் வேகமாகவும் கோடையில் சோம்பலாகவும் இருக்கும், எந்த மாதத்து எண்ணை ஆண்டு முழுமைக்கும் எடுத்துக்கொள்வது? வெடிப்பு இல்லாத தரையிலும் வாயு மண்ணின் வழியாகக் கசிகிறது. அதற்கு அடிப்பக்கம் திறந்த ஒரு பெட்டியைத் தரையில் கவிழ்த்து, உள்ளே கரியமில வாயு எத்தனை வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பத்தடி தள்ளிக் கவிழ்த்தால் எண் பத்து மடங்கு மாறும். மழை பெய்து மண் இறுகினால் அந்த இடம் அடைபட்டு வேறெங்கோ திறக்கும். அது போதாதென்று, சூடேறிய கரி எரியாமலே மீத்தேனை விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாயுவில் மீத்தேன் சிறிது கூடக் குறைய இருந்தாலே மொத்தம் எங்கேயோ போய்விடும். நாங்கள் ஓர் எல்லையும் இன்னோர் எல்லையும் சொன்னோம். இரண்டுக்கும் நடுவில் யானை நடந்து போகலாம்.

அளக்க முடியாவிட்டாலும் கூட்டிப் பார்க்க முடியும். ஜாரியாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எடுத்துச் சொல்கிற எண், இதுவரை எரிந்துபோனது 3.7 கோடி டன் என்பது. அது எப்படி வந்தது என்று நானும் துருவியிருக்கிறேன். இருக்கட்டும், அதையே வைத்துக்கொள்வோம். சாம்பல் கழித்து ஜாரியாக் கரியில் பாதிக்குச் சற்று மேல் கார்பன் என்று கொண்டால், ஒரு டன் கரிக்குச் சுமார் இரண்டு டன் கரியமில வாயு. நூறாண்டுக்கு மேலான தீ மொத்தமாக விட்டது ஏழரைக் கோடி டன். பெரிய எண்தான். ஆனால் 2024-25-இல் மட்டும் இந்தியா வெட்டியெடுத்த கரி 104 கோடி டன். அந்தக் கணக்கில் 3.7 கோடி டன் என்பது இரண்டு வாரத்துக்குக்கூட வராது. ஒரு நூற்றாண்டாக எல்லோரும் நாசம் நாசம் என்று எழுதிய தீ, நாம் வேண்டுமென்றே எரிப்பதில் பன்னிரண்டு பதின்மூன்று நாள். மூன்று மடங்கு தப்பாக இருந்தாலும் நாற்பது நாள். இதைக் கூட்டங்களில் சொன்னால் இரண்டு பக்கத்தாருக்கும் பிடிக்காது. தீயைக் காட்டி நிதி கேட்பவர்களுக்கு அது சிறியதாகத் தெரிகிறது. கரி வெட்டுகிறவர்களுக்கு மற்றது பெரியதாகத் தெரிகிறது.

உலகக் கணக்கிலும் ஒரு குளறுபடி நடந்திருக்கிறது. சீனத்துக் கரித்தீக்கள் ஆண்டுக்கு இருபது கோடி டன்னை விழுங்குகின்றன, உலகின் கரியமில வாயுவில் இரண்டு மூன்று சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது என்று 1990களில் கிளம்பிய செய்தி இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் களத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: உண்மையில் எரிவது இரண்டு கோடி டன் வாக்கில், தீயின் காரணமாக வெட்ட முடியாமல் போவது அதைப்போல் பத்து மடங்கு. வெட்ட முடியாத கரியை யாரோ எரிந்த கரியாக எழுதிவிட்டார்கள். ஜாரியாவிலும் பழைய ஆவணங்களில் எரிந்தது 3.7 கோடி, தீயால் அடைபட்டுக் கிடப்பது சுமார் 145 கோடி என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் படிக்கிற நிருபர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடைபட்ட கரி காலநிலைக்கு நஷ்டமே இல்லை. கார்பன் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. நஷ்டம் கம்பெனிக்கு.

நாடுகள் தங்கள் வெளியீட்டைக் கணக்கிட, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐ.பி.சி.சி. 2006-இல் தந்த வழிகாட்டியில் தானே பற்றிய கரிக்கும் எரியும் கரிக்குவியலுக்கும் ஒரு தலைப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே எல்லோருக்கும் பொருந்துகிற கணக்கு முறை என்று எதுவும் தரவில்லை. என் பார்வையில் அது நேர்மையான வெற்றிடம். முறை இல்லாத இடத்தில் ஒரு சூத்திரத்தைப் போட்டு நிரப்பியிருந்தால் அடுத்த நாளே அதற்குள் எண்களைப் போட்டு அனுப்ப நாலு பேர் தயாராக இருந்திருப்பார்கள்.

அணைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எரிகிற அடுக்கின் மேலிருக்கும் பாறையை அகற்றி, தீயோடு கரியை வாரி எடுத்துவிடுவதுதான் ஜாரியாவில் இன்று பெரும்பாலும் நடப்பது. கேட்க எளிது. பாறையை உடைக்க வெடி வைக்க வேண்டும். துளை எண்பது டிகிரிக்கு மேல் சுட்டால் மருந்து நிரப்பக் கூடாது என்பது விதி. ஆகவே துளையில் நீர் ஊற்றி ஆற்றி, வெப்பம் பார்த்து, நிரப்பி, தாமதிக்காமல் வெடிக்க வேண்டும். செந்தணலின்மேல் நேராக நீரைக் கொட்டினாலோ நீராவியும் கரியும் சேர்ந்து ஹைட்ரஜனும் மோனாக்சைடும் பிறக்கும். அது வெடிக்கிற கலவை. பழைய கேலரி ஒன்று வாயைத் திறந்த கணத்தில் அதுவரை மூச்சுமுட்டிக் கிடந்த பில்லர் காற்றுப்பட்டுக் கொழுந்துவிடும். அகற்றிக் கொட்டிய பாறையிலும் கரிப் பொடி இருப்பதால் அந்த மேடுகளும் சில காலத்தில் தாமாகவே புகையத் தொடங்கும். வேலை செய்கிறவர்களின் துணிச்சலைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் கார்பன் கணக்கில்தான். வாரி எடுத்த கரி எங்கே போகிறது? கோக் உலைக்கும் மின் நிலையத்துக்கும். பூமிக்குள் அரைகுறையாக எரிந்து பாதி கரிக்கட்டையாக நின்றுபோயிருக்கக் கூடியது, மேலே வந்து ஒரு துளி மிச்சமில்லாமல் எரிகிறது. தீ அணைந்தது, ஆனால் வளிமண்டலத்துக்கு எதைச் சேமித்தோம்? அந்தக் கரி கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கி எரித்திருப்போமே, ஆகையால் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்பார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அப்படியானால் சேமிப்பு அந்த ஆஸ்திரேலியக் கரியில், அது வெட்டப்படாமல் கிடந்தால் மட்டும். மண் போட்டு, மணல் நிரப்பி, காற்றுப் புகாமல் அடைத்து, கரியை அங்கேயே விட்டுவிடுவதுதான் கார்பனைப் பிடித்துவைக்கிற அணைப்பு. அது மெதுவானது, ஆண்டுக்கணக்கில் காவல் கேட்பது, விற்க ஒரு கூடைக் கரியும் தராதது. இரண்டு மூன்று சதவீத ஆக்சிஜன் கிடைத்தாலே தணல் உயிர் பிடித்துக் கிடக்கும். ஐந்தாண்டு மூடிவைத்த பகுதியை அவசரப்பட்டுத் திறந்து தீயை மறுபடி எழுப்பிய கதைகள் சுரங்கக்காரர்களிடம் நிறைய உண்டு.

அமெரிக்காவில் சென்ட்ரேலியா 1962-இலிருந்து எரிகிறது. ஊரைக் காலிசெய்துவிட்டுத் தீயை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் விங்கன் மலையின் அடியில் ஆறாயிரம் ஆண்டாக, மனிதன் தொடாத ஒரு தீ ஆண்டுக்கு ஒரு மீட்டர் வீதம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜாரியாவை அப்படி விட முடியாது, மேலே மனிதர்கள் இருக்கிறார்கள். 2017 மே மாதம் ஊர் நடுவே தரை திறந்து ஒரு தகப்பனையும் மகனையும் விழுங்கியது. அடுத்த மாதமே தன்பாத்-சந்திரபுரா ரயில் பாதையை மூடினார்கள். 2019-இல் மறுபடி திறந்தார்கள். குடும்பங்களை இடம்பெயர்க்க 2009-இல் 7,112 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது, 2025-இல் 5,940 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்திருக்கிறது. பேல்கடியாவில் இதற்கெனக் கட்டிய வீடுகளுக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தீ இல்லை, கூலியும் இல்லை. மக்களைத் தீயின் மேலிருந்து நகர்த்துவதற்குக் கார்பன் கணக்கு சான்றிதழ் தரவேண்டிய அவசியம் இல்லை. ஒரு அறையில் மோனாக்சைடு எவ்வளவு என்ற என்னுடைய சிறிய சதவீதமே போதும்.

ஓய்வுக்கு அப்புறமும் ஆராய்ச்சி மாணவர்கள் தேடி வருவதுண்டு. அதில் ஒரு பெண் நன்றாக உழைத்தாள்; இரவில் நடந்தாள், பெட்டி கவிழ்த்தாள், சிர்தாரின் மகனிடமே போய்க் குழாயைக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டாள். எந்த எண்ணைப் போடுவது சார் என்று கேட்டாள். இதிலிருந்து இது வரைக்கும் என்று எழுதம்மா என்றேன். அவளுடைய ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது போதவில்லை. நடுவில் ஒன்றைப் போட்டு, இரண்டு எல்லைகளையும் பின்னிணைப்பில் வைத்தாள். மறு ஆண்டு ஒரு கருத்தரங்கில் வேறொருவர் அந்த நடு எண்ணை மட்டும் திரையில் காட்டி, அதை நாட்டிலுள்ள எரியும் வயல்களுக்கெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் எழுந்து, மாதிரி எடுத்தபோது காற்றழுத்தம் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன். அவர் தாள்களைப் புரட்டினார். அது முக்கியமா என்று திருப்பிக் கேட்டார்.